இடக்கைச் சுற்று

அந்த வண்டி ஆள் பார்த்துத்தான் ஸ்டார்ட் ஆனது.

ரொட்டி வண்டிக்காரர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் ஊமையாகக் கிடக்கும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்குகூட எரியாது. மெக்கானிக் ஒருவனைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து, அவன் ஏறி உட்கார்ந்து திருப்பினால் ஒரே திருப்பில் பிடித்துக்கொள்ளும். அவன் வண்டியை ஒரு பார்வை பார்ப்பான். அப்புறம் வண்டிக்காரரை ஒரு பார்வை பார்ப்பான். இரண்டாவது பார்வைதான் அவருக்குப் பொறுக்காது.

தினமும் இப்படியென்றால் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். வாரத்தில் நாலு நாள் ஒழுங்காக எழுந்திருக்கும், மூன்று நாள் படுத்துக்கொள்ளும். எந்த நாலு, எந்த மூன்று என்று அதற்கே தெரியாது. மழை பெய்த மறுநாள் என்றால் சந்தேகமே வேண்டாம், படுத்துவிடும். கதவை ஓங்கி அறைந்து, இறங்கி, ஏறி, சீட்டில் நாலு தரம் குதித்துப் பார்த்தால் சில நாள் மனம் இரங்கும். ஓடும்போதும் பள்ளத்தில் விழுந்தால் ஒரு தும்மல் தும்மும். அதனால் ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிவிட்டால் அவர் அணைப்பதே இல்லை. கடை கடையாக ரொட்டித் தட்டுகளை இறக்கும்போதும் இஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கடைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டை வாங்கினார்கள்.

மூன்று பேர் பார்த்துவிட்டார்கள். முதல் ஆள் பேட்டரி போய்விட்டது என்று பேட்டரியை மாற்றினான். இரண்டாவது ஆள் சாவி போடுகிற சுவிட்சை மாற்றினான். மூன்றாவது ஆள் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, உள்ளே கார்பன் கட்டை தேய்ந்திருக்கிறது என்று வேறு கட்டை போட்டான். மூன்று பேரும் வேலை முடிந்ததும் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள். மறுநாள் விடிகாலையில் வண்டி பழையபடி ஊமை. மூன்று பேரும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, வந்து வந்து ஏதோ செய்துவிட்டுப் போகிறார்கள் என்று வண்டிக்காரர் முடிவுகட்டினார். அவருக்கு எதையும் நம்பிப் பழக்கம் கிடையாது. தராசை நம்பமாட்டார், முள்ளை நம்பமாட்டார், முள்ளைப் பார்க்கிறவனையும் நம்பமாட்டார்.

“மூணு பேரும் கூட்டு சேர்ந்துட்டானுங்களாம். இவரு வண்டியத் தூக்கிட்டுப் போகத்தான் ஊரே காத்துக்கிட்டு இருக்கு” என்றாள் அவர் மனைவி. “வந்த மூணு பேருமே உங்கள மாதிரி ரெண்டு பங்கு இருந்தானுங்க. பயந்துக்கிட்டு ஸ்டார்ட் ஆகியிருக்கும்.”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். அவர் இரண்டு வருஷமாக இளைத்துக்கொண்டே வருகிறார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக மூன்று ஓட்டை போட்டாகிவிட்டது.

இந்த நிலையில்தான் பேக்கரிக்காரர் கூப்பிட்டுச் சொன்னார். சூடாகப் போக வேண்டிய ரொட்டி ஒரே மாதத்தில் ஐந்து நாள் ஆறிப்போய் கடைக்குப் போயிருக்கிறது. இன்னொரு நாள் போனால் வேறு வண்டி பார்த்துக்கொள்வேன், தப்பாக நினைக்காதீர்கள் என்றார். இருபத்திரண்டு வருஷமாக அந்த பேக்கரி வாசலில் முதலில் நிற்கிற வண்டி இது. மூக்கு சப்பையாக இருப்பதால் தெருவில் எல்லோரும் சப்பைமூக்கு என்றுதான் சொல்வார்கள். வேறு வண்டி வந்தால் சப்பைமூக்கு உடைக்கிற இடத்துக்குப் போகும். வண்டிக்காரர் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

மறுநாள் பேக்கரிக்கு வார விடுமுறை. காலையில் மனைவி தலையை வாரிக்கொண்டே சொன்னாள், “என் தம்பியக் கூப்பிடப் போறேன்.”

 அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குக் காரணம் ஒன்று சொல்ல வேண்டுமே. பதினொரு வருஷமாக அந்தக் காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

*

மச்சினனை எல்லோரும் லெஃப்ட்டு என்று கூப்பிடுவார்கள். இடக்கைக்காரன். சப்பைமூக்கை வாங்கியபோது அதில் இஞ்சினும் நாலு சக்கரமும்தான் உருப்படியாக இருந்தன. உள்ளே ஒயர் என்று இருந்ததையெல்லாம் எலி தின்றிருந்தது. லெஃப்ட்டுதான் பிடுங்கிப் போட்டுவிட்டு முழுசாகப் புது ஒயரிங் செய்தான். மூன்று நாள் வேலை. வாசலில் சாக்கை விரித்து, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று என்று ஒயர்களை நீள நீளமாகப் போட்டு ஜடை பின்னுவதுபோல் பின்னினான். வண்டிக்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவன் டேப் சுற்றிக்கொண்டே வருவான். எல்லோரும் வலப்பக்கம் சுற்றுவார்கள், இவன் இடப்பக்கம் சுற்றுவான். பின்னால் வேறு எவனாவது அந்த டேப்பைப் பிரிக்கப் போனால் முனை கிடைக்காமல் நகம் பிய்ந்துபோகும்.

“என் வேலைய இன்னொருத்தன் தொட்டா எனக்குத் தெரியும் மாமா. அவன் நகத்தப் பாத்தாலே தெரியும்” என்பான்.

அந்த மூன்று நாளும் வீட்டில் சிரிப்புச் சத்தம் ஓயவில்லை. மனைவி தேநீர் போட்டுக்கொண்டே இருந்தாள். பேக்கரியிலிருந்து உடைந்த பன்களை ஒரு பை நிறைய வண்டிக்காரர் கொண்டுவந்தார், தேநீரில் தோய்த்துத் தின்றார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் லெஃப்ட்டு கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டு ஹாரன் அடிக்கச் சொன்னான். அவள் கையை வைத்தவள் எடுக்கவே இல்லை. எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அவருக்கும் ஒரு பன் கொடுத்து உட்கார வைத்தார்கள். அப்புறம் மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து, காரணமே இல்லாமல் ஊரைச் சுற்றி வந்தார்கள். வழியெல்லாம் விளக்கைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தார் வண்டிக்காரர். மஞ்சள் வெளிச்சம் மரங்களின்மேல் விழுந்து விழுந்து போனது. அதற்கப்புறம் எத்தனையோ நல்ல நாள் வந்தது. ஆனால் கண்ணை மூடினால் வருவது அந்தச் சாயங்காலம்தான்.

ஸ்பேர் சாவியை அவனிடமே கொடுத்திருந்தார். மதியத்தில் வண்டி சும்மாதானே நிற்கிறது, அவசரத்துக்கு எடுத்துக்கொள் என்றார். ஒருவனை அவர் நம்பியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அதுவும் பத்து வருஷத்துக்குத்தான் தாங்கியது.

பெட்ரோல் முள் குறைந்தது. சாயங்காலம் பார்த்தால் ஒரு இடத்தில் நிற்கும், காலையில் பார்த்தால் ஒரு கோடு கீழே இறங்கியிருக்கும். சாவி இரண்டு பேரிடம் இருக்கிறது. ஒருவர் அவர். கேட்டிருக்கலாம். கேட்பது அவர் வழக்கமில்லை. மனைவி கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, பேட்டரியிலிருந்து சாவிக்கு வருகிற ஒயரை சீட்டுக்கு அடியில் வெட்டி, நடுவில் ஒரு பழைய வீட்டு சுவிட்சை வைத்தார். இரண்டு முனைகளையும் முறுக்கிவிட்டார். டேப் இல்லை. பேக்கரியில் பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப் இருந்தது, அதைச் சுற்றினார். வண்டியை நிறுத்தினால் சீட்டுக்கு அடியில் கைவிட்டு அதைத் தட்டி அணைத்துவிடுவார். யாரிடம் எந்தச் சாவி இருந்தாலும் வண்டி அசையாது.

ஒரு வாரம் கழித்து ஒரு மதியம். விடிகாலை வேலையை முடித்துவிட்டுப் படுத்திருந்தார். மனைவி தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள், தம்பி பெண்டாட்டிக்கு நிறைமாதம். வாசலில் வண்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சாவி திரும்பியது. க்ளிக். மறுபடி க்ளிக். மொத்தம் நாலு தரம். அவர் கண்ணைத் திறக்கவில்லை. மாட்டிக்கொண்டாயா என்று நினைத்தார். அவருக்கு ஒரு பழக்கம், மனசுக்குள் ஏதாவது திருப்தியாக இருந்தால் படுத்தபடியே வலது கால் ஆடும். மனைவி அதைச் சொல்லிச் சிரிப்பாள். அன்று கால் ஆடியது. அப்புறம் யாரோ தெருவில் ஓடுகிற சத்தம்.

சாயங்காலம்தான் தெரிந்தது. தம்பி பெண்டாட்டிக்கு வலி வந்துவிட்டது. வண்டி கிளம்பவில்லை. காய்கறிக்காரரின் தள்ளுவண்டியில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு நூறு அடி முன்னாலேயே, வெங்காயச் சருகுக்கு நடுவில், பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நன்றாகத்தான் இருந்தார்கள். அந்தப் பெண்ணைத் தெருவே தள்ளுவண்டி என்று கூப்பிடுகிறது. இப்போது பதினொரு வயது. பள்ளியில் ஓட்டப்பந்தயம் என்றால் அவள்தான் முதலில் வருகிறாளாம்.

நன்றாக இல்லாமல் போனது லெஃப்ட்டுதான். அவனே ஒயரிங் பண்ணின வண்டி, அவன் பெண்டாட்டிக்கே ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டறையில் சிரித்தார்கள். ரிப்பேருக்கு வந்தவர்கள், ‘தள்ளுவண்டி எதுவும் தயாரா வச்சிருக்கட்டுமா?’ என்று கேட்டார்கள். ஆறு மாதத்தில் வண்டி வேலையை விட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளி ஃபேன் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடை போட்டான். அக்கா வீட்டுக்கு வருவதும் நின்றுபோனது. வெட்கம் போலிருக்கிறது என்று மனைவி நினைத்துக்கொண்டாள். வண்டிக்காரரும் அப்படியே நினைத்துக்கொண்டார், அதுதான் வசதியாக இருந்தது.

அடுத்த மாதம் பெட்ரோல் டேங்கின் அடித் தையலில் ஒரு கசிவு இருப்பதைக் கண்டுபிடித்தார். சத்தம் போடாமல் அடைத்துவிட்டார். சுவிட்சை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் அது இருந்தது என்று ஆகிவிடும். நாளாக ஆக நிறுத்தியதும் கை தானாகவே கீழே போனது. வந்த மூன்று மெக்கானிக்கிடமும், ‘சீட்டுக்கு அடியில ஒண்ணும் இல்ல, போல்ட்டு துருப்பிடிச்சிருக்கு’ என்று சொல்லிவிட்டார். அந்தச் சுவிட்சில் கோளாறு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. தன் கையால் செய்ததில் கோளாறு இருக்கும் என்று எவன் நினைப்பான்?

*

லெஃப்ட்டு பத்து மணிக்கு வந்தான். அதற்கு முன்பே வண்டிக்காரர் சீட்டுக்கு அடியில் கைவிட்டு அந்தச் சுவிட்சைப் போட்டு வைத்திருந்தார். பக்கவாட்டு முடி நரைத்திருந்தது. உடம்பு அதேதான், குச்சி மாதிரி. கையில் பழைய டெஸ்ட் லைட், ஒரு சின்ன பல்பும் இரண்டு ஒயரும், ஒரு ஒயரின் முனையில் ஆணி. அதையும் இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறான். வண்டிக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். மாமா என்று சொல்லவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் அக்காவிடம் கேட்டான். எப்போதிலிருந்து, மழையிலா வெயிலிலா, லைட்டும் சேர்ந்து போகிறதா, யார் யார் பார்த்தார்கள். மெக்கானிக் உட்கார்ந்தால் வண்டி ஒழுங்காக இருக்கிறது, வீட்டுக்காரர் உட்கார்ந்தால்தான் மக்கர் பண்ணுகிறது என்று அவள் சொன்னதும் கொஞ்சம் யோசித்தான்.

“ஒயர்ல வேற யாராவது கை வச்சாங்களா?”

அதை அவரைப் பார்த்துத்தான் கேட்டான்.

“இல்ல” என்றார் வண்டிக்காரர்.

அவன் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். வண்டி ஊமையாகக் கிடந்தது. வந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

“சிக்கிடுச்சு. யாரும் வண்டியத் தொடாதீங்க. கதவக்கூட சாத்தாதீங்க. இந்த மாதிரி கோளாறு கண்ணு முன்னாடி இருக்கும்போதே பிடிச்சாகணும், விட்டா ஒளிஞ்சுக்கும்.”

“நம்மகிட்ட மட்டும் எப்படிறா ஒளியாம நிக்குது?” என்றாள் அக்கா.

“எனக்கும் உடம்பு இல்லையே. வெயிட்டு ஏறினா எங்கேயோ அமுங்கி ஒட்டிக்குது போல.”

சாவியை அப்படியே விட்டுவிட்டு, பூனை இறங்குவதுபோல் இறங்கினான். பேட்டரியில் வைத்தான், பல்பு பளீரென்று எரிந்தது. ஸ்டார்ட்டருக்குப் போகிற தடி ஒயரில் வைத்தான், எரிந்தது. சாவிக்குப் பின்னால் வருகிற சிவப்பு ஒயரில் வைத்தான். எரியவில்லை. பேட்டரியில் இருக்கிற கரண்ட் சாவிக்கு வந்து சேரவில்லை, நடுவில் எங்கோ தொலைகிறது. அந்தச் சிவப்பு ஒயரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தான். அவன் போட்ட ஒயர், அது போகிற வழி அவனுக்குத் தெரியும். டேஷ்போர்டுக்குக் கீழே, தரையோடு, சீட்டுக்கு அடியில்.

“சீட்டக் கழட்டணும். பதினாலாம் நம்பர் ஸ்பேனர் வேணும்.”

ஸ்பேனர் வண்டிக்காரரின் பெட்டியில் இருந்தது. பெட்டி அவர் காலடியில் இருந்தது.

“போல்ட்டு துருப்பிடிச்சிருக்கு. வராது.”

“நான் போட்ட போல்ட்டு. வரும்.”

மனைவி தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.  ஸ்பேனர் இல்லை என்று வண்டிக்காரர் சொல்லிவிட்டால் அவன் போய்விடுவான். வண்டி இப்படியே கிடக்கும், நாளைக்கு ரொட்டி ஆறும், அதோடு கதை முடியும். பேக்கரி வாசலில் வேறு வண்டி நிற்பதை நினைத்துப் பார்த்தார். பெட்டியைத் திறந்தார். பதினாலாம் நம்பரைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, மேலேயே கிடந்தது. எடுத்துக் கொடுத்தார்.

போல்ட் நாலும் வெண்ணெயாக வந்தன.

சீட்டைத் தூக்கியதும் லெஃப்ட்டு ரொம்ப நேரம் எதையும் தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பழுப்புச் சுவிட்ச். அதற்கு வருகிற இரண்டு முனையிலும் பெட்டி டேப், பசை காய்ந்து வாழைச்சருகு மாதிரி விரிந்திருந்தது. உள்ளே செம்பு பச்சையாகப் பூத்து, முறுக்குத் தளர்ந்து, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தது. சீட்டுச் சட்டம் நேராக அதன்மேல்தான் உட்காரும். கனத்த ஆள் உட்கார்ந்தால் அமுக்கும், ஒட்டும். ஆள் இளைத்தால் ஒட்டாது.

இடது கை விரலால் அந்த டேப்பை லேசாகத் தடவினான்.

“வலப்பக்கம் சுத்தியிருக்கு” என்றான். “இது என் கை இல்ல.”

விரலில் ஒட்டிய பச்சைத் தூளை ஊதினான்.

“எப்ப வச்சது?”

வண்டிக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார், “தள்ளுவண்டி பொறந்த வருஷம்.”

“பொறக்கறதுக்கு முன்னாடியா? பின்னாடியா?”

தேநீர் டம்ளர் மனைவியின் கையில் சாய்ந்து, சூடாக அவள் விரலில் வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

“ஒரு வாரம் முன்னாடி.”

லெஃப்ட்டு தலையை நிமிர்த்தவில்லை. பெட்ரோல் முள் குறைந்தது, டேங்கில் ஓட்டை இருந்தது என்று அவர் துண்டு துண்டாக ஏதோ சொன்னார். அவன் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மனைவிதான் கேட்டாள், குரலே எழும்பாமல். “அன்னைக்கு நீங்க வீட்லதான இருந்தீங்க?”

“தூங்கிட்டேன்” என்றார்.

அவன் சுவிட்சை வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பச்சை பூத்த அளவுக்கு ஒயரை நறுக்கித் தள்ளி, நல்ல செம்பு தெரிகிறவரை சீவி, புதுத் துண்டு ஒன்று சேர்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தான். டேப் சுற்றினான். இடது கை சுற்றுவதை வண்டிக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். ஒயரின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கை நீண்டது. அவன் முழங்காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

எல்லாம் முடிந்ததும் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தான். பழைய ஸ்பேர் சாவி. மூன்று மெக்கானிக்கில் ஒருவன் சாவி போடுகிற சுவிட்சை மாற்றிவிட்டானே, இனி அது சேராது என்று அவனுக்கு அப்புறம்தான் உறைத்தது போலிருக்கிறது. அதை டேஷ்போர்டின்மேல் வைத்துவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த சாவியைத் திருப்பினான். சப்பைமூக்கு ஒரே திருப்பில் எழுந்தது. அணைத்தான். திருப்பினான். எழுந்தது. பத்துத் தரம். அப்புறம் அக்காவின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தான்.

அன்று முழுக்க மனைவி அவரிடம் பேசவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

*

மறுநாள் விடிகாலை வண்டி முதல் திருப்பில் எழுந்தது. ரொட்டி ஆவி பறக்கப் பறக்கக் கடைகளுக்குப் போனது. பேக்கரிக்காரர் கையை உயர்த்திக் காட்டினார். வண்டிக்காரர் எந்தக் கடையிலும் இஞ்சினை அணைக்கவில்லை. கடைசித் தட்டை இறக்கியதும் வீட்டுக்குத் திரும்பவில்லை. மெக்கானிக் மாற்றின சாவி சுவிட்சோடு வந்த இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு சாவிக்காரனிடம் போனார், அச்சடித்த மாதிரி அதேபோல் ஒரு சாவி வெட்டச் சொன்னார். சாவிக்காரன் அது முடிகிறவரை வாசலில் நின்ற புகையைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தான்.

லெஃப்ட்டின் கடை வாசலில் தேநீர்க்கடை. எப்போதும் நாலைந்து பேர் நிற்பார்கள், பட்டறை ஆட்கள். சப்பைமூக்கு வந்து நின்றதும் ஒருவன், “லெஃப்ட்டு, அக்காவுக்கு நீ குடுத்த சீதனம் வந்திருக்கு. தள்ளணுமா?” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். பதினொரு வருஷத்துச் சிரிப்பு.

லெஃப்ட்டு உள்ளே காயில் சுற்றிக்கொண்டிருந்தான். இடது கை சக்கரத்தைத் திருப்ப, உதடு எண்ணிக்கொண்டிருந்தது. இருநூத்தி நாப்பத்தொண்ணு, இருநூத்தி நாப்பத்திரண்டு. காயில் சுற்றுகிறவனை நடுவில் கூப்பிடக் கூடாது. எண்ணிக்கை தப்பினால் முழுசையும் பிரிக்க வேண்டும். வண்டிக்காரர் வாசற்படியில் நின்றார். முட்டி வலித்தது. யாரோ உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நானூறு என்று உதடு முடித்தபோது கம்பியைக் கடித்துத் துண்டித்துவிட்டு அவன் நிமிர்ந்தான்.

வண்டிக்காரர் தேநீர்க்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பேசினார். கடைக்கு ஆர்டர் சொல்வதுபோலத்தான் அவருக்குப் பேச வரும்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. அன்னைக்கு இவன் ஒயரிங்ல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் இவன நம்பாம திருட்டு சுவிட்சு போட்டு அமத்தி வச்சிருந்தேன். பெட்ரோலும் இவன் எடுக்கல, டேங்க் ஓட்டை. இனிமே எவனாவது தள்ளுவண்டின்னு இவனக் கேலி பண்ணா என்கிட்ட வந்து பண்ணு.”

யாரும் சிரிக்கவில்லை. தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான்.

அவர் உள்ளே போய் மேஜையில் புதுச் சாவியை வைத்தார். பாதி எடை இறங்கியிருந்தது. மீதி பாதி இன்னும் இருந்தது. அதைத் தணிந்த குரலில் சொன்னார்.

“தூங்கல மாப்ள. சாவி திரும்புற சத்தம் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்தேன்.”

லெஃப்ட்டு துண்டித்த கம்பியின் முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

“தெரியும்” என்றான். “உங்கள எழுப்பலாம்னு ஜன்னல்கிட்ட வந்தேன். கால் ஆடிக்கிட்டு இருந்துச்சு.”

 வெளியே சப்பைமூக்கு உறுமிக்கொண்டிருந்தது. புகை கடைக்குள் வந்தது. லெஃப்ட்டு இருமினான். மேஜைமேல் இருந்த சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எடுக்கவில்லை, தள்ளியும் வைக்கவில்லை.

“ஏன் அணைக்காம நிறுத்தியிருக்கீங்க?”

“அணைச்சா மறுபடி எந்திரிக்குமோ என்னவோன்னுதான்.”

“நான் சுத்தினது மாமா அது” என்றான் அவன். “போய் அணைச்சுட்டு வாங்க. டீ சொல்றேன்.”

வண்டிக்காரர் போய் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பி அணைத்தார். தெரு சட்டென்று அமைதியானது. பழக்கத்தில் கை சீட்டுக்கு அடியில் போனது. அங்கே தட்ட ஒன்றும் இல்லை. அடுத்த காயிலுக்கு அவன் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்திருந்தது கேட்டது. முடிகிறவரை வெளியிலேயே நிற்கலாம் என்று மெதுவாக இறங்கினார். கதவைப் பூட்டவில்லை.